பெட்டிக்குள் ஒரு போர் விமானம்: ஜப்பானின் ‘ஜீரோ’ மாடலை எப்படிச் செய்கிறார்கள், அதற்குப் பின்னால் இருக்கும் வரலாறு என்ன?

பெட்டியின் மூடியில் ஒரு விமானம் கடலுக்கு மேல் பறந்துகொண்டிருக்கிறது. இறக்கையில் பெரிய சிவப்பு வட்டம். மூடியைத் திறந்தால் உள்ளே விமானம் இல்லை. பிளாஸ்டிக் சட்டங்கள் சில, கண்ணாடி மாதிரி ஒரு சின்னச் சட்டம், ஒரு ஸ்டிக்கர் தாள், படம் போட்ட ஒரு விளக்கக் கையேடு. அவ்வளவுதான். மிச்ச வேலை வாங்கியவருடையது.

இரண்டாம் உலகப் போர் காலத்து ஜப்பானியப் போர் விமானமான ‘ஜீரோ’, உலகம் முழுக்க மாடல் செய்பவர்கள் திரும்பத் திரும்பத் தேடி வாங்கும் விமானங்களில் ஒன்று. ஜப்பானில் மட்டுமல்ல, ஐரோப்பாவில் இருக்கும் நிறுவனங்கள்கூட இதற்கு கிட் தயாரிக்கின்றன.

ஒரு பொம்மை விமானத்தில் அப்படி என்ன இருக்கிறது? அதை எப்படிச் செய்கிறார்கள்? 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை வானத்தில் பறந்ததும் இதே விமானம்தான் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

‘ஜீரோ’ என்ற பெயர் எப்படி வந்தது?

பலரும் நினைப்பதுபோல இது எதிரிகள் வைத்த பட்டப்பெயர் இல்லை. ஜப்பானுக்கு என்று ஒரு பழைய ஆண்டுக் கணக்கு உண்டு. அந்தக் கணக்குப்படி 1940 என்பது 2600-ஆம் ஆண்டு. அந்த ஆண்டில் கடற்படை ஏற்றுக்கொண்ட விமானம் என்பதால், கடைசி இலக்கமான பூஜ்யத்தை வைத்து ‘பூஜ்ய வகைப் போர் விமானம்’ என்று பெயரிட்டார்கள். ஜப்பானியர்கள் சுருக்கமாக ‘ரெய்-சென்’ என்பார்கள். நேச நாடுகள் தங்கள் சங்கேதப் பட்டியலில் இதற்கு ‘ஸீக்’ என்று பெயர் வைத்திருந்தன. அதிகாரபூர்வக் குறியீடு ஏ6எம்.

வடிவமைத்தவர் மிட்சுபிஷி நிறுவனத்தின் பொறியாளர் ஜிரோ ஹொரிகோஷி. 1937-ல் கடற்படை கொடுத்த நிபந்தனைகளைப் பார்த்துவிட்டு, போட்டி நிறுவனமான நகாஜிமா ‘இது நடக்காத காரியம்’ என்று ஒதுங்கிவிட்டது. வேகம் வேண்டும், நெடுந்தூரம் பறக்க வேண்டும், சட்டென்று திரும்ப வேண்டும், விமானம் தாங்கிக் கப்பலின் குறுகிய தளத்திலிருந்தும் எழும்ப வேண்டும். ஆனால், கையில் இருந்த எஞ்சினின் சக்தியோ குறைவு.

ஹொரிகோஷிக்கு ஒரே வழிதான் இருந்தது: எடையைக் குறைப்பது. சுமிட்டோமோ நிறுவனம் அப்போது புதிதாக உருவாக்கியிருந்த அலுமினிய உலோகக் கலவையைப் பயன்படுத்தினார். இறக்கையைத் தனித்தனியாகச் செய்து உடலோடு இணைக்காமல், உடலின் நடுப்பகுதியோடு சேர்த்தே கட்டினார். இணைப்புக்கான கனமான உலோகத் துண்டுகள் மிச்சமாயின. முதல் மாதிரி விமானம் 1939 ஏப்ரல் 1 அன்று பறந்தது.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. நாகோயா நகரில் இருந்த மிட்சுபிஷி தொழிற்சாலைக்குப் பக்கத்தில் விமான ஓடுதளம் கிடையாது. அதனால் அந்தக் காலத்தின் அதிநவீன விமானத்தைப் பிரித்து, மாட்டு வண்டியில் ஏற்றி, 40 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த ககாமிகஹாரா தளத்துக்குக் கொண்டுபோனார்கள். மோசமான சாலையில் லாரி குலுக்குவதைவிட மாடு நடப்பது பாதுகாப்பு என்பதுதான் காரணம்.

உண்மையிலேயே வெல்ல முடியாத விமானமா?

கொஞ்ச காலத்துக்கு அப்படித்தான் தெரிந்தது. 1940 செப்டம்பர் 13 அன்று சீனாவின் சோங்சிங் வானில் 13 ஜீரோக்கள் முதன்முறையாகச் சண்டையிட்டன. சீன விமானப்படைக்குப் பெரிய இழப்பு. ஜப்பான் தரப்பில் ஒரு விமானம்கூட விழவில்லை. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர், அதன்பின் பிலிப்பைன்ஸ், டச்சு கிழக்கிந்தியத் தீவுகள் என எங்கு போனாலும் ஜீரோ முன்னே போனது. கூடுதல் எரிபொருள் தொட்டியோடு சுமார் 3,000 கிலோமீட்டர் வரை பறக்கும் ஒரு சண்டை விமானம், அந்த நேரத்தில் எதிரிகள் கணக்கிலேயே இல்லை.

ஆனால், எடைக் குறைப்புக்கு ஒரு விலை இருந்தது. விமானியைக் காக்கும் கவசத் தகடு இல்லை. குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் இல்லை. சரியான இடத்தில் சில குண்டுகள் பட்டாலே தீப்பிடித்துவிடும்.

1942 ஜூனில் அலாஸ்கா பக்கம் அகுட்டான் தீவில் ஒரு ஜீரோ சதுப்பு நிலத்தில் இறங்க முயன்று தலைகீழாகக் கவிழ்ந்தது. விமானி இறந்துபோனார். விமானம் பெரிய சேதமில்லாமல் கிடந்தது. அடுத்த மாதம் அமெரிக்கர்கள் அதைக் கண்டுபிடித்து, சான் டியாகோவுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து, செப்டம்பரில் பறக்கவே விட்டார்கள். வேகம் கூடினால் இந்த விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டித் திருப்புவது கஷ்டம், மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்தால் எஞ்சின் திணறும் போன்ற பலவீனங்கள் அப்போது நேரடியாகத் தெரியவந்தன.

இந்த ஜீரோவைப் பார்த்துத்தான் அமெரிக்கா ‘ஹெல்கேட்’ விமானத்தை வடிவமைத்தது என்று ஒரு கதை இப்போதும் சுற்றுகிறது. அது சரியில்லை. ஹெல்கேட்டின் முதல் மாதிரி 1942 ஜூன் இறுதியிலேயே பறந்துவிட்டது; அகுட்டான் ஜீரோ கண்டுபிடிக்கப்பட்டது அதற்குப் பிறகு.

1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸின் லெய்டே கடற்போரில், வெடிகுண்டோடு கப்பல்மீது மோதும் ‘கமிகாஸே’ தாக்குதல்களுக்கு ஜீரோ பயன்படுத்தப்பட்டது. நான்கு வருடம் முன்பு வெல்ல முடியாத விமானமாக இருந்தது, கடைசியில் ஒருவழிப் பயணத்துக்கான வண்டி ஆனது. மொத்தம் 10,000-க்கும் அதிகமான ஜீரோக்கள் கட்டப்பட்டன. அதில் பாதிக்கும் மேல், முதலில் ‘முடியாது’ என்று ஒதுங்கிய அதே நகாஜிமா நிறுவனம் கட்டியது.

மாடல் கிட் என்றாலே ஏன் ஷிசுவோகா?

டோக்கியோவுக்கும் நாகோயாவுக்கும் நடுவில் இருக்கும் ஷிசுவோகா, ஜப்பானின் ‘மாடல் தலைநகர்’. டமியா, அஓஷிமா, ஹசெகவா, ஃபுஜிமி என்று கிட் தயாரிக்கும் பெரிய பெயர்கள் எல்லாம் இந்தப் பகுதியைச் சேர்ந்தவை. ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் இங்கே பெரிய மாடல் கண்காட்சி நடக்கிறது.

இதற்கு வேர் மரவேலை. எடோ காலத்தில் கோயில் கட்டுமானத்துக்காக வந்த தச்சர்களும் அரக்கு வேலைக்காரர்களும் இந்த ஊரிலேயே தங்கிவிட்டார்கள் என்பது உள்ளூரில் சொல்லப்படும் வரலாறு. போர்க்காலத்தில் ஜப்பானியப் பள்ளிகளில் மாடல் விமானம் செய்வது பாடமாகவே இருந்தது. பையன்களை விமானப்படை பக்கம் இழுக்கும் நோக்கமும் அதில் இருந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரலாம்.

டமியா 1946-ல் மர அறுவை ஆலையாகத் தொடங்கியது. பிறகு மர மாடல்கள் செய்தது. 1960-ல் தன் முதல் பிளாஸ்டிக் மாடலை வெளியிட்டது: ‘யமாட்டோ’ போர்க்கப்பல்.

1/72, 1/48 என்றால் என்ன?

கிட் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான். 1/72 என்றால் உண்மையான விமானத்தில் 72 சென்டிமீட்டர், மாடலில் 1 சென்டிமீட்டர். அடி, அங்குலக் கணக்கில் பிறந்த அளவு இது: ஆறு அடிக்கு ஓர் அங்குலம்.

ஜீரோவின் 21-ஆம் ரகத்துக்கு இறக்கை அகலம் 12 மீட்டர். அதை வைத்துக் கணக்குப் போட்டால்:

• 1/72: சுமார் 16.7 செ.மீ. உள்ளங்கையில் வைக்கலாம். இடமும் செலவும் குறைவு.
• 1/48: 25 செ.மீ. விமானி அறையின் நுணுக்கங்கள் தெரியும். பலருக்கும் பிடித்த அளவு.
• 1/32: 37.5 செ.மீ. எஞ்சின் வரைக்கும் காட்டலாம். அலமாரியில் இடம் இருக்கிறதா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

1/72 அளவுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1942-ல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானத்தை வானில் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்ளப் பயிற்சி கொடுப்பதற்காக, பள்ளி மாணவர்களிடம் இந்த அளவில் மர மாடல்கள் செய்துதரச் சொன்னது. போரில் இரண்டு பக்கமும் பிள்ளைகள் மாடல் விமானம் செய்துகொண்டிருந்தார்கள்.

முதல் வேலை: கழுவுவது

பிளாஸ்டிக் பாகங்கள் அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வர ஒரு வழவழப்பான பூச்சைப் பயன்படுத்துவதுண்டு. அது பாகங்களில் ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது. பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் சட்டங்களைக் கழுவிக் காயவைத்தால் போதும்.

பாகங்களைத் தாங்கி நிற்கும் சட்டத்துக்கு ‘ஸ்ப்ரூ’ என்று பெயர். அதிலிருந்து பாகங்களைக் கையால் அப்படியே பிய்த்து எடுக்கக் கூடாது. பிய்ச்சா பாகத்தோட ஒரு துண்டும் சேர்ந்தே வந்துடும். நிப்பரால் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் செதுக்கி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். 400, 600, 1000 என்று எண் கூடக் கூட நைஸான தாள்.

எந்தப் பாகத்தையும் பசை போடுவதற்கு முன் ஒருமுறை வெறுமனே பொருத்திப் பார்ப்பது முக்கியம். அனுபவசாலிகள் தவறாமல் சொல்லும் பாடம் இதுதான். ஒட்டின பிறகு ‘ஐயோ’ என்று சொல்லிப் பயனில்லை.

விமானி அறையிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்?

விமானத்தின் உடல் இடது, வலது என்று இரண்டு பாதியாக வரும். உள்ளே இருக்கும் அறையை முதலில் முடித்து, பெயின்ட் அடித்து, பிறகுதான் இரண்டு பாதியையும் மூட முடியும். அதனால் பெரும்பாலான விமான கிட்கள் விமானி அறையிலிருந்தே தொடங்கும்.

ஜீரோவின் வரலாறு முழுக்க இந்தச் சின்ன அறைக்குள் இருக்கிறது. இருக்கையைப் பாருங்கள், வரிசையாக ஓட்டைகள். எடை குறைப்பதற்காக உலோகத்தைத் துளைத்து எடுத்த இடங்கள் அவை. முதுகுப் பக்கம் கவசம் இருக்காது. கிட்டில் ஏதோ பாகம் தொலைந்துவிட்டது என்று தேட வேண்டாம், உண்மையிலேயே இல்லை. முன்னால் கருவிப் பலகையின் இரு பக்கமும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளின் பின்பகுதி விமானியின் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும்.

உள்பக்க நிறம் இன்னொரு சிக்கல். வெளியில் தெரியாத உள் உலோகப் பகுதிகளுக்குத் துருவைத் தடுக்க ‘அஓ-டகே’ என்ற, நீலப் பச்சைக் கண்ணாடி மாதிரி மின்னும் பூச்சை அடித்தார்கள். ஆனால், விமானி அமரும் அறைக்கு அடித்தது வேறு பச்சை. மிட்சுபிஷி கட்டியதற்கும் நகாஜிமா கட்டியதற்கும் அந்தப் பச்சையிலும் வித்தியாசம் உண்டு. செய்யப்போவது எந்தத் தொழிற்சாலை விமானம் என்று முடிவு செய்யாமல் பெயின்ட் டப்பாவையே திறக்க முடியாது.

பசை என்றால் ஒட்டுவது இல்லை, உருக்குவது

மாடல் செய்பவர்கள் பயன்படுத்தும் பிளாஸ்டிக் சிமென்ட், நாம் காகிதத்துக்குப் போடும் பசை மாதிரி வேலை செய்வதில்லை. அது ஒரு கரைப்பான். இரண்டு பாகங்களின் விளிம்பையும் லேசாக உருக்கி, ஒன்றோடொன்று கலக்க வைக்கும். காய்ந்த பிறகு இரண்டும் ஒரே துண்டு. மெல்லிய ரகத்தை பிரஷ் நுனியால் இடுக்கில் தொட்டாலே போதும், அதுவே ஓடிப் பரவிக்கொள்ளும்.

உடலின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும். உண்மையான விமானத்தில் அந்த இடத்தில் கோடு கிடையாது. அதனால் புட்டி வைத்துத் தேய்த்து மறைக்க வேண்டும். பொறுமை சோதிக்கப்படும் இடம் இதுதான்.

பெரும்பாலான ஜீரோ கிட்களில் இறக்கையின் அடிப்பாகம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே துண்டாக வரும். ஹொரிகோஷி எடையைக் குறைக்கச் செய்த அதே வேலை, இங்கே இறக்கை கோணலாகாமல் நிற்க உதவுகிறது.

21-ஆம் ரகத்தின் இறக்கை நுனி இரண்டு பக்கமும் அரை மீட்டர் மேல்நோக்கி மடங்கும். கப்பலின் லிஃப்ட்டில் 12 மீட்டர் இறக்கையை ஏற்றி இறக்குவது சிரமம் என்பதால் செய்த ஏற்பாடு அது. சில கிட்களில் மடித்தோ நீட்டியோ வைத்துக்கொள்ளலாம்.

விமானி தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடிக் கூரையை ஒட்டும்போது மட்டும் ரொம்பக் கவனம் தேவை. சூப்பர் குளூ போட்டால் அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். காய்ந்தால் நிறமில்லாமல் போகும் வெள்ளைப் பசை பாதுகாப்பானது.

ஒரு சாம்பல் நிறத்துக்கு இத்தனை சண்டையா?

ஜீரோ மாடல் செய்பவர்கள் இரண்டு பேரை ஒரே அறையில் விட்டால் பேச்சு கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வரும்: ஆரம்பகால ஜீரோவின் உண்மையான நிறம் என்ன?

பழைய கிட்கள் வெள்ளைக்கு நெருக்கமான வெளிர் சாம்பல் என்றன. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால், 1942 தொடக்கத்தில் எழுதப்பட்ட ஜப்பானியக் கடற்படையின் ஆய்வு அறிக்கை ஒன்று, அந்தச் சாம்பலில் ‘அமே-இரோ’ சாயல் இருந்ததாகக் குறிப்பிடுகிறது. அமே என்பது ஜப்பானியப் பாகு மிட்டாய். அதாவது, லேசான பழுப்பு கலந்த சாம்பல். விழுந்த விமானங்களின் மிச்சத் துண்டுகளை எடுத்துப் பார்த்தால், பல ஆண்டு வெயிலும் ஈரமும் பட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாக நிற்கிறது. அதனால் பச்சைச் சாயலா, பழுப்புச் சாயலா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கிட் நிறுவனங்கள் காலப்போக்கில் தங்கள் நிறக் குறிப்புகளை மாற்றியிருக்கின்றன.

போரின் பிற்பகுதியில் மேல்பக்கம் அடர்பச்சை ஆனது. தற்காப்புக்குப் போன பிறகு, தரையில் நிற்கும்போது மேலிருந்து பார்த்தால் தெரியாமல் இருக்க வேண்டுமே! பச்சையும் சாம்பலும் சேரும் கோடு நேராக வால்வரை ஓடினால் அது பெரும்பாலும் மிட்சுபிஷி விமானம். பின்னால் வளைந்து மேலே ஏறினால் நகாஜிமா.

பெயின்ட்டை ஏர்பிரஷ்ஷில் ஊற்றும் முன் பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் அடைக்கும், தண்ணியாக இருந்தால் வழியும். ஒரேயடியாக அடிக்காமல், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடிப்பது முறை. ஏர்பிரஷ் இல்லையா? ஸ்ப்ரே டப்பாவும் நல்ல பிரஷ்ஷும் போதும். எதுவானாலும் ஜன்னலைத் திறந்து வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். பசையின் ஆவியும் பெயின்ட் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது.

ஸ்டிக்கர் தாளில் ஒரு வரலாறு

பெயின்ட் காய்ந்ததும் பளபளப்பான ஒரு பூச்சு. அதன் மேல் ‘டெக்கல்’. இது சாதாரண ஸ்டிக்கர் அல்ல. தேவையான துண்டை வெட்டி, தண்ணீரில் சில நொடிகள் நனைத்து, காகிதத்திலிருந்து மெதுவாக நழுவவிட்டு ஒட்டும் மெல்லிய படம். பளபளப்புப் பூச்சு இல்லாமல் சொரசொரப்பான இடத்தில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, வெள்ளி மாதிரி மினுங்கும். அதுவரை செய்த வேலை வீண்.

எந்த எண்ணை ஒட்டுகிறோம் என்பதில் விமானத்தின் அடையாளமே மாறிவிடுகிறது. பேர்ல் ஹார்பர் காலத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டை இருந்தது. உடலைச் சுற்றி ஒரு சிவப்புப் பட்டை என்றால் ‘அகாகி’ கப்பல். இரண்டு சிவப்பு ‘காகா’. ஒரு நீலம் ‘சோர்யு’, இரண்டு நீலம் ‘ஹிர்யு’. ஒரு வெள்ளை ‘ஷோகாகு’, இரண்டு வெள்ளை ‘சுய்காகு’.

இந்த ஆறில் காகாவைத் தவிர மற்ற ஐந்து கப்பல்களும் 1942 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தன. ஏப்ரல் 4 அன்று கனடா விமானி லெனார்டு பர்ச்சால் தன் கேட்டலினா விமானத்திலிருந்து இந்தக் கப்பல் படையைப் பார்த்து, இலங்கைக்கு எச்சரிக்கை அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜீரோக்கள் அவரைச் சுட்டு வீழ்த்தின. உயிர் பிழைத்த அவர் போர் முடியும்வரை ஜப்பானியரிடம் கைதியாக இருந்தார்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. 36 ஜீரோக்களின் பாதுகாப்போடு குண்டு வீச்சு விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 அன்று திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடா விமானத் தளமும் தாக்கப்பட்டன. அதே நாளில் பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானம் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 300-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்தக் கப்பலின் சிதைவு இன்றும் அங்கே கடலடியில் கிடக்கிறது.

இடையில் ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. அடுத்தது சென்னைதான் என்ற பயத்தில் அந்த மாதமே ஏராளமானோர் நகரத்தைக் காலி செய்துகொண்டு உள்ளூர்ப் பக்கம் போனார்கள். பூட்டிய வீடுகளும் ஆளில்லாத தெருக்களுமாகச் சென்னை கிடந்த நாட்கள் அவை.

ஆக, மேசையில் இரண்டு நீலப் பட்டையோடு நிற்கும் அந்த 25 சென்டிமீட்டர் விமானம் எங்கோ தூரத்து ஊர்க் கதை மட்டும் இல்லை.

போர்க் கருவியைப் பொம்மையாக்குவது சரியா?

இந்தக் கேள்வியை ஜப்பானுக்குள்ளும் வெளியிலும் பலர் கேட்டுவிட்டார்கள். ஹயாவோ மியாசாகி 2013-ல் ஹொரிகோஷியின் வாழ்க்கையை அடிப்படையாக வைத்து ‘காற்று எழுகிறது’ என்ற அனிமேஷன் படம் எடுத்தபோது, அழகான விமானத்தைப் பற்றிப் பேசிய படம் அது கொன்றவர்களைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை என்று தென் கொரியாவில் விமர்சனம் வந்தது. ஜப்பானில் வேறு சிலர், படம் போரையும் ஜப்பானையும் குறை சொல்கிறது என்று கோபப்பட்டார்கள்.

தென் கொரியாவின் கோபத்துக்குக் காரணம் உண்டு. போரின் கடைசிக் காலத்தில், ‘படிக்க வைக்கிறோம்’ என்ற ஆசை வார்த்தையில் கொரியச் சிறுமிகள் நாகோயாவில் இருந்த மிட்சுபிஷியின் விமானத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகப்பட்டு, கூலி இல்லாமல் வேலை வாங்கப்பட்டார்கள். 1944 டிசம்பரில் நடந்த நிலநடுக்கத்தில் அவர்களில் சிலர் அங்கேயே இறந்தார்கள். உயிரோடு இருந்தவர்கள் தொடுத்த வழக்கில், அவர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2018 நவம்பர் 29 அன்று தென் கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1965 ஒப்பந்தத்தோடு இந்த விவகாரம் முடிந்துவிட்டது என்பது ஜப்பான் அரசின் நிலைப்பாடு.

ஒரே விமானம், இரண்டு கட்டடங்களில் இரண்டு விதமாக நிற்பதையும் ஜப்பானில் பார்க்கலாம். டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தின் போர் அருங்காட்சியகத்தில் நுழைந்ததும், பளிச்சென்று புதுசு மாதிரி ஒரு ஜீரோ நிற்கும். தெற்கே ககோஷிமா மாவட்டம் சிரானில் இருக்கும் அமைதி அருங்காட்சியகத்திலும் ஒரு ஜீரோ உண்டு. கடலுக்கு அடியிலிருந்து எடுத்தது. துருப்பிடித்து, வால் பகுதி இல்லாமல், கண்டெடுத்த நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். தற்கொலைத் தாக்குதலுக்குப் போன இளைஞர்களின் படங்களும் கடைசிக் கடிதங்களும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மாடல் செய்பவர்கள் மத்தியிலும் இந்த இரண்டு மனநிலையும் உண்டு. கீறல் இல்லாத, தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த விமானத்தைச் செய்பவர்கள் ஒரு பக்கம். பெயின்ட் உரிந்து உலோகம் தெரிய, புகை படிந்த, தென் பசிபிக் தீவு ஒன்றில் கைவிடப்பட்ட விமானத்தைச் செய்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது வகைக்கு உழைப்பு அதிகம். வெள்ளி நிறத்தை முதலில் அடித்து, அதன் மேல் பச்சையை அடித்து, பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க வேண்டும்.

போர்க்காலப் பள்ளிப் பாடத்துக்கும் இன்றைய கிட்டுக்கும் இருக்கும் வித்தியாசம் இங்கேதான். அன்று பையனுக்கு மாடலைக் கொடுத்தது, நாளை நிஜ விமானத்தில் ஏற்றுவதற்காக. இன்று யாரும் யாரையும் எங்கேயும் ஏற்றப்போவதில்லை. ஓட்டை போட்ட அந்த இருக்கையை ஒட்டும்போது ‘இதில் உட்கார்ந்தவனுக்கு முதுகில் ஒரு தகடுகூட இல்லையே’ என்று தோன்றுகிறதா, பட்டையை ஒட்டும்போது ‘இது எந்த ஊர் மேல் பறந்தது’ என்று கேட்கத் தோன்றுகிறதா என்பது செய்பவரைப் பொறுத்தது. அந்தக் கேள்வி வந்தால் கிட் ஒரு வரலாற்றுப் பாடம். வராவிட்டால் அலமாரியில் ஓர் அலங்காரம்.

முதல்முறை செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை

• 1/72 அளவில், பாகங்கள் குறைவான ஒற்றை எஞ்சின் விமானத்தில் தொடங்குங்கள். ஜீரோ அதற்குப் பொருத்தம்.
• முதல் கிட்டுக்கு நிப்பர், கத்தி, உப்புத்தாள், ட்வீசர், பிளாஸ்டிக் சிமென்ட், மாஸ்கிங் டேப், இரண்டு பிரஷ் போதும். ஏர்பிரஷ்ஷை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.
• கத்தியை உடம்பை நோக்கி இழுக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் செய்தால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.
• ரேடியோ கம்பத்தை ஒட்டும் முன் புகைப்படத்தைப் பாருங்கள். தரைத் தளங்களிலிருந்து பறந்த சில ஜீரோ விமானிகள், சரியாக வேலை செய்யாத ரேடியோ எதற்கு என்று அதைக் கழற்றிவிட்டு, கம்பத்தையும் அறுத்து எறிந்திருக்கிறார்கள்.
• வால் சக்கரத்தில் சாய்ந்து நிற்கும் விமானம் என்பதால் மூக்கில் எடை வைக்கத் தேவையில்லை.
• முதல் மாடல் சுமாராகத்தான் வரும். பசை ரேகை தெரியும், டெக்கல் ஒன்று கிழியும். பரவாயில்லை, எல்லாருக்கும் அப்படித்தான். தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஐந்தாவது மாடலை முடித்த பிறகு பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.